வாயில் நுழையாத பெயர் இருந்தால் ஓட்டு குறையுமா?

இரவுப்பணி:

பதினோரு வருஷமாக ஒரு செய்தித் தளத்தில் சர்வதேசப் பக்கம் பார்க்கிறேன். ராத்திரி ஷிப்ட். ஏஜென்சிகளிலிருந்து ஆங்கிலத்தில் வந்து விழுவதைத் தமிழாக்கிப் போடுவதுதான் வேலை. இதில் ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. எங்காவது தேர்தல் முடிவு வந்தால் எல்லாரும் யார் ஜெயித்தார் என்று பார்ப்பார்கள். நான் ஜெயித்தவர் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று பார்ப்பேன்.

2024 ஆகஸ்டில் டெமாக்ரட் கட்சி மாநாடு நடந்தது ஞாபகம் இருக்கிறதா? கமலா ஹாரிஸின் தங்கை வழிப் பேத்திகள் இரண்டு குட்டிப் பெண்கள் மேடையேறி, அந்தப் பெரிய கூட்டத்துக்குப் பெயர் சொல்லிக்கொடுத்தார்கள். வாக்கியத்தில் வைக்கிற கமா மாதிரி முதல் பாதி, பாட்டில் வருகிற லா-லா-லா மாதிரி மீதிப் பாதி. அரங்கில் ஒரு பக்கம் முதல் பாதியைச் சொல்ல, மறுபக்கம் 'லா' சொன்னது. ஒன்றாம் வகுப்பு மாதிரி இருந்தது. நான் வழக்கம்போல 'கமலா' என்றே எழுதினேன். மறுநாள் ஒரு வாசகர் மெயில்: "அவரே 'காமலா' என்று நீட்டித்தான் சொல்கிறார். அவர் பெயரை மாற்ற நீங்கள் யார்?"

சிரிப்பதா என்ன செய்வதா என்று தெரியவில்லை. நம் காதுக்கு இதைவிடச் சாதாரணமான பெயர் இருக்கிறதா? இரண்டு தெரு தள்ளி ஒரு கமலா மாமி, வகுப்பில் ஒரு எஸ். கமலா, ஒரு டி. கமலா. (போதாக்குறைக்கு அந்தக் குறியையே நாம் 'கமா' என்றுதான் சொல்கிறோம். அந்தக் குழந்தைகள் சொன்னபடி தமிழில் படித்தால் 'கமாலா' ஆகிவிடும்.) அதே பெயர் அங்கே போனால் மேடை போட்டுப் பாடம் எடுக்க வேண்டிய பெயர். 2020 அக்டோபரில் ஜார்ஜியாவில் டிரம்ப் கூட்டத்தில் பேசிய செனட்டர் டேவிட் பெர்டூ அந்தப் பெயரை மூன்று நான்கு விதமாகக் குதப்பி, 'மாலா மாலா' என்று இழுத்து, என்னவோ போங்கள் என்று முடித்தார். கூட்டம் சிரித்தது. மூன்றரை வருஷத்துக்கு மேல் ஒரே சபையில் இருந்தவர்கள் இரண்டு பேரும். நாக்கு தவறிவிட்டது, வேறு எண்ணம் இல்லை என்று பிறகு அவர் தரப்பில் சொன்னார்கள்.

இதை வைத்து டெஸ்க்கில் ஒரு வழக்கு ஓடுகிறது. பக்கத்து நாற்காலிக்காரர் சொல்வது: "பெயர் வேற்று மண் பெயராக இருந்தால் பாதித் தேர்தல் அங்கேயே போச்சு." என் கட்சி: "பராக் ஹுசைன் ஒபாமா என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருத்தர் இரண்டு தடவை ஜெயித்தாரே, அது எப்படி?" அதற்கு அவர், "தமிழில் ராஜா வரும்போதே 'பராக் பராக்' என்றுதானே கட்டியம் கூறுவார்கள், அது ராசியான பெயர்" என்று மடக்கிவிட்டார். ஜோக்குக்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

அந்த நாடுகளில் இருப்பவர்கள், தேர்தல் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். டிவி விவாதம் எனக்கு வேண்டாம், அது தினமும் வந்து விழுகிறது. வீட்டு வாசலில், பூத்துக்குள் என்ன நடக்கிறது?

கிளிப்போர்டு:

இரவுப்பணி சார், இல்லினாயிலிருந்து எழுதுகிறேன். குடியுரிமை வாங்கியபின் மூன்று தேர்தல்களில் வீடு வீடாகக் கதவு தட்டியிருக்கிறேன். முதல் தடவை வேலை பார்த்தது ஒரு தென்னிந்திய வம்சாவளி வேட்பாளருக்கு. கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) அளவில் ஒரு பதவி, கட்சிக்குள் நடக்கும் பிரைமரி. குடும்பப் பெயர் ஆங்கிலத்தில் பதினான்கு எழுத்து. யார் என்று சொல்லவில்லை. தோற்றுப்போனார், பாவம்.

பயிற்சியில் முதல் அரைமணி நேரம் பெயருக்கே போனது. "முழுப் பெயரையும் கதவில் கொட்டாதீர்கள். முதல் பெயரைச் சொல்லுங்கள். நோட்டீஸைக் கையில் கொடுங்கள். கண் அதன்மேல் போனபிறகு குடும்பப் பெயரை விரலால் காட்டி, நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள்." காதால் கேட்டால் பயமுறுத்துகிற பெயர், கண்ணுக்கு முன்னால் இருந்தால் பயமுறுத்தாது என்று அந்தப் பயிற்சியாளர் சொன்னார். சரியாகத்தான் இருந்தது.

ஒரு வீட்டில் எண்பது வயதுப் பாட்டி. உள்ளே போய்க் கண்ணாடியைத் தேடி எடுத்துவந்தார். நோட்டீஸைக் கதவுச் சட்டத்தின்மேல் வைத்து, நகத்தால் ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளிக்கொண்டே போனார். ஒன்பதாவது எழுத்தில் நகம் நின்றது. "பரவாயில்லை, இத்தனை நீளத்துக்கு ஒன்றுதானே இருக்கும், கண்டுபிடித்துவிடுவேன்" என்றார். அவர் தபால் பெட்டியில் இருந்த போலிஷ் பெயரில் நான்கு மெய்யெழுத்து அடுத்தடுத்து நின்றது. அதை என்னால் இன்றைக்கும் சொல்ல முடியாது.

அடுத்த தெருவில் ஒருவர் கதவைப் பாதி திறந்து, "இது எங்கத்திப் பெயர்?" என்றார். வேட்பாளர் இந்த மாநிலத்தில்தான் பிறந்தார் என்றேன். "நான் ஆளைக் கேட்கவில்லை, பெயரைக் கேட்டேன்" என்றார். நோட்டீஸை மட்டும் வாங்கிக்கொண்டார்.

உங்கள் வழக்குக்கு என் தீர்ப்பு: எந்தத் தேர்தல் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. நவம்பரில் நடக்கும் பொதுத் தேர்தலில் பெயருக்குப் பக்கத்திலேயே கட்சி இருக்கும். பாதிக்கு மேற்பட்டவர்கள் அதைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். அங்கே பெயர் பலாக்காய் மாதிரி இருந்தாலும் கட்சிக்காரன் முழுங்கிவிடுவான். பிரைமரியில் எல்லாரும் ஒரே கட்சி. அதிலும் கீழ்மட்டப் பதவி, நீதிபதிப் பதவி என்று போனால் ஆளைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்த ஒரே தகவல் பெயர். அங்கேதான் அது வேலையைக் காட்டும்.

இதற்கு எங்கள் மாநிலத்திலேயே ஒரு பழைய கதை உண்டு. 1986 மார்ச்சில் டெமாக்ரட் பிரைமரி. கவர்னருக்கு அட்லாய் ஸ்டீவன்சன், பெரிய குடும்பத்துப் பிள்ளை. துணை கவர்னருக்கும் மாநிலச் செயலர் பதவிக்கும் கட்சி நிறுத்தியவர்கள் ஜார்ஜ் சாங்மைஸ்டர், ஆரீலியா புசின்ஸ்கி. எதிரே மார்க் ஃபேர்சைல்ட், ஜானிஸ் ஹார்ட் என்று இரண்டு பேர். லிண்டன் லாரூஷ் என்பவரின் ஒரு விளிம்புக் கும்பலைச் சேர்ந்தவர்கள், யாருக்கும் தெரியாதவர்கள். அவர்கள் இரண்டு பேரும் ஜெயித்துவிட்டார்கள்! கட்சி அசட்டையாக இருந்தது, ஓட்டுப் போட வந்தவர்களும் குறைவு. ஆனால் அன்றிலிருந்து எல்லாரும் முதலில் சொல்கிற காரணம், ஃபேர்சைல்டும் ஹார்ட்டும் சொல்வதற்கு வழவழவென்று இருந்தன, மற்ற இரண்டும் தொண்டையில் சிக்கின என்பதுதான். ஸ்டீவன்சன் அவர்களோடு ஒரே பட்டியலில் நிற்கமாட்டேன் என்று தனிக்கட்சி வைத்து நின்று தோற்றார்.

இன்னொன்று. சிகாகோ இருக்கும் குக் கவுன்ட்டியில் நீதிபதித் தேர்தல் என்றால் ஐரிஷ் பெயருக்கு ஏக மவுசு. அதற்காகவே கோர்ட்டில் விண்ணப்பித்துப் பெயரை ஐரிஷாக மாற்றிக்கொண்டு நின்ற வக்கீல்கள் உண்டு. இது எல்லை மீறிப்போய் 2007-ல் சட்டமே போட்டார்கள். கடைசி மூன்று வருஷத்துக்குள் பெயர் மாற்றியிருந்தால் வாக்குச்சீட்டிலேயே 'முன்பு இன்ன பெயர்' என்று அச்சிட வேண்டும். அமெரிக்காவில் பெயருக்கு ஓட்டு விழுவதில்லை என்று யாராவது சொன்னால் இந்தச் சட்டத்தைக் காட்டுங்கள்.

பழைய ஃபைல்:

கிளிப்போர்டு சொன்னது சரி, ஆனால் மறுபக்கமும் ஒன்று உண்டு. 2010, அலாஸ்கா. செனட்டர் லிசா மர்கோவ்ஸ்கி சொந்தக் கட்சிப் பிரைமரியில் தோற்றுவிட்டார். வாக்குச்சீட்டில் பெயர் கிடையாது. ஜெயிக்க வேண்டுமென்றால் வாக்காளர் பூத்துக்குள் போய் அந்தப் போலிஷ் பெயரைத் தன் கையால் எழுத வேண்டும். விளம்பரங்களிலேயே ஸ்பெல்லிங் சொல்லிக்கொடுத்தார்கள், பெயர் பொறித்த கைவளையம் கொடுத்தார்கள். எதிராளி ஜோ மில்லர், ஒரு எழுத்து பிசகினாலும் செல்லாது என்று கோர்ட்டுக்குப் போனார். யாரை நினைத்து எழுதினார்கள் என்பது புரிந்தால் போதும் என்று கோர்ட் சொல்லிவிட்டது. ஒரு லட்சத்துக்கும் மேல் பேர் எழுதினார்கள். இப்படி எழுதிப் போட்டு ஒருவர் செனட்டுக்கு வந்தது 1954-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அவர் அப்பாவும் அங்கே செனட்டராக, கவர்னராக இருந்தவர். முப்பது வருஷம் காதில் விழுந்த பெயர் எப்படி வேற்றுப் பெயர் ஆகும்?

வேறு சில நாடுகளில் எழுத்தைச் சுருக்கியே தப்பித்தார்கள். பிரேசிலில் ஜனாதிபதியாக இருந்த குபிச்செக்கின் செக் பெயர் 'ஜேகே' ஆனது. பெருவில் குச்சின்ஸ்கி 'பிபிகே' என்ற மூன்றெழுத்தோடு 2016-ல் ஜனாதிபதியானார். மூன்றெழுத்தின் மகிமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அமெரிக்காவிலேயே, மேயராக இருந்து ஜனாதிபதிப் போட்டிக்கு வந்த பீட் புட்டிஜெஜ் என்ற மால்டா நாட்டுப் பெயர்க்காரர் இரண்டையும் செய்தார். ஊருக்கு 'மேயர் பீட்', பதாகையில் 'பூட்-எட்ஜ்-எட்ஜ்' என்று உச்சரிப்பு.

முற்றத்து வேம்பு:

வணக்கம் அண்ணாமார். நான் ரொறன்ரோவில இருந்து எழுதுறன். நீங்கள் எல்லாரும் வெள்ளைக்காரரின்ர காதில எப்பிடி விழுது எண்டுதான் கதைக்கிறியள். எங்கட ஆக்களின்ர காதில எப்பிடி விழுது எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல.

2011 மே மாதம், ஸ்காபரோ ரூஜ் றிவர் தொகுதி. ராதிகா சிற்சபைஈசன் என்டிபி கட்சியில நிண்டவ. அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஓட்டுப்போடப் போனன். அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க நேரம் எடுக்கும். எப்பிடிக் கண்டுபிடிப்பியள் எண்டு கேட்டன். "முன்னுக்குச் சிற் எண்டு இருக்கும், பின்னுக்கு ஈசன் வருவார், அது காணும்" எண்டார். திரும்பி வரேக்க முகம் பூத்திருந்தது. "சிதம்பரத்தில இருக்கிறவரை கனடாப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிப்போட்டன்" எண்டு சொல்லிச் சிரிச்சார். அவ வெண்டா. கனடாப் பாராளுமன்றத்துக்குப் போன முதல் தமிழாள் அவதான்.

அந்தப் பெயரை இங்கிலீஷில எழுதியிருக்கிற விதத்தைப் பாருங்கோ. 'ற்' எழுத்துக்கு 'டி' போட்டு, 'சிட்-சபை' எண்ட மாதிரி. அது யாழ்ப்பாணத்து நாக்கு. தமிழ்நாட்டு ஆள் எண்டால் வேற மாதிரி எழுதியிருப்பினம். என்ர வேலையிடத்தில ஒரு மனுசி அதைப் பார்த்திட்டு, "இவ்வளவு எழுத்தும் தேவையா?" எண்டு கேட்டா. எங்களுக்கு அந்த எழுத்துகளுக்குள்ள எந்த ஊர், எந்தக் கோயில் எண்டு எல்லாம் இருக்கு. அவவுக்கு அது வெறும் எழுத்துக் குவியல்.

இன்னொரு பெயரும் சொல்லுறன். இப்ப மந்திரியா இருக்கிற ஆனந்தசங்கரி. கனடாக்காரருக்கு அது நீளமான ஒரு தெற்காசியப் பெயர், அவ்வளவுதான். முதற்பெயர் 'கேரி' எண்டு சுகமா இருக்கிறதால சமாளிச்சுப் போடுவினம். எங்கட ஆக்களுக்கு அந்தப் பெயர் எண்டால் முதல் ஞாபகம் வாறது தகப்பன், தமிழர் விடுதலைக் கூட்டணி வீ. ஆனந்தசங்கரி. மகன் வாய் திறக்க முந்தியே எங்கட வீட்டு மேசையில தகப்பன்ர அரசியலைப் பற்றி அரைமணித்தியாலம் சண்டை. பெயர் தெரியாததால வாற சிக்கலை விட, தெரிஞ்சதால வாற சிக்கல் பெரிசு. ஒரு பகிடி என்னெண்டால், எங்கட பேப்பர்காரர் கேரியை 'ஹரி' எண்டு எழுதிப்போடுவினம். அவர் இங்கிலீஷாக்கினதை அவை திரும்பச் சைவமாக்கிப்போட்டினம்.

டீசல்:

அமெரிக்கா, கனடாவை விடுங்கள் மக்களே. நான் நைஜீரியாவில், போர்ட் ஹார்கோர்ட்டில் ஆறு வருஷம் ஜெனரேட்டர் கம்பெனியில் இருந்தேன். 2009-லிருந்து 2015 வரை. நான் போனபோது துணை ஜனாதிபதி பெயர் குட்லக் ஜோனதன். ஆங்கிலம் தெரிந்த எவனுக்கும் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. எங்கள் டிரைவர் சிரிக்கவில்லை.

"சார், கணக்குப் பாருங்கள்" என்று விரல் மடக்கினார். அவர் பயேல்சா மாநிலத்தில் துணை கவர்னராக இருந்தபோது, 2005-ல் கவர்னரைப் பதவி நீக்கம் செய்தார்கள். இவர் கவர்னர். 2007-ல் துணை ஜனாதிபதி. "மேலே இருக்கிற நாற்காலி தானாகக் காலியாகும், பாருங்கள்" என்றார். நான் அப்போதும் சிரித்தேன். 2010 மே மாதம் ஜனாதிபதி யார்அதுவா உடல்நலமில்லாமல் காலமானார். இவர் ஜனாதிபதி. மறுநாள் காரில் ஏறும்போது டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. மனைவி பெயர் பேஷன்ஸ், அதாவது பொறுமை. இதையெல்லாம் கதையில் எழுதினால் ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். 2015 தேர்தலில் புஹாரியிடம் தோற்றார். அதற்குள் நானும் பெட்டி கட்டிவிட்டேன்.

நமீபியாவில் 2020-ல் ஒரு வட்டாரத் தேர்தலில் அடால்ஃப் ஹிட்லர் உனோனா என்பவர் 85 சதவிகித ஓட்டில் ஜெயித்தார். அது ஜெர்மன் காலனியாக இருந்த நாடு, அங்கே அடால்ஃப் என்பது சாதாரணப் பெயர். அப்பா அந்த ஆள் யார் என்று சரியாகத் தெரியாமல் வைத்துவிட்டார் என்று அவரே சொன்னார். உலகப் பத்திரிகைக்கெல்லாம் தலைப்புச் செய்தி, அவர் தொகுதிக்காரர்களுக்கு அவர் தெரிந்த மனிதர். நாம் மட்டும் என்ன? 1953 மார்ச் 1-ல் பிறந்த குழந்தைக்கு ஸ்டாலின் என்று பெயர். நான்கு நாளில் அசல் ஸ்டாலின் இறந்துபோனார். இன்றைக்கு ஸ்டாலின் என்றால் எந்தத் தமிழ் வாக்காளனுக்காவது சைபீரியா ஞாபகம் வருகிறதா? வெளியூர்க்காரன்தான் ஒரு நிமிஷம் முழிப்பான்.

தேன்மொழி_கேட்கிறாள்:

எனக்கு ஒரு கோபம் உண்டு, கொட்டிவிடுகிறேன். பியூஷ் ஜிண்டால் நான்கு வயதில் டிவி தொடர் ஒன்றைப் பார்த்து 'பாபி' என்று வைத்துக்கொண்டாராம், லூசியானாவுக்கு கவர்னரானார். நிம்ரதா ரந்தாவா 'நிக்கி ஹேலி'யாக தென் கரோலினாவுக்கு கவர்னரானார். விவேக் ராமசாமி தன் பெயர் 'கேக்' என்பதோடு எதுகையாக வரும் என்று விளக்கம் கொடுக்கிறார். அவர்களுக்கு வசதியாக நம் பெயரை நாமே ஏன் சீவிக்கொடுக்க வேண்டும்? கிளிப்போர்டு அண்ணா, அந்தப் பயிற்சியில் நீங்கள் எழுந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

கிளிப்போர்டு:

கேட்டிருக்கலாம் தங்கச்சி. எனக்கே அங்கே ஆபீஸில் வேறு பெயர், அந்த வாயோடு எப்படிக் கேட்பது?

நிக்கி விஷயத்தில் மட்டும் ஒரு திருத்தம். 'நிக்கி' பிறப்புச் சான்றிதழிலேயே இருக்கிற பெயர், வீட்டில் கூப்பிடும் பஞ்சாபிப் பெயர். கல்யாணத்தில் வந்தது ஹேலி மட்டும்தான். ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2024 ஜனவரியில் சொந்தக் கட்சி பிரைமரியில் டிரம்பை எதிர்த்து நின்றபோது, டிரம்ப் அந்த முதல் பெயரைத் தோண்டி எடுத்தார், அதையும் தப்பும் தவறுமாக 'நிம்ராடா' என்று எழுதினார். சீவிக்கொடுத்தாலும் சீவாவிட்டாலும், வேற்றாள் என்று காட்ட நினைக்கிறவனுக்குக் குப்பைத்தொட்டியிலிருந்து அந்தத் துண்டு கிடைத்துவிடும்.

ஒபாமாவும் இளவயதில் 'பாரி'யாக இருந்து, கல்லூரிக் காலத்தில் பராக்குக்குத் திரும்பியவர்தான். 2004-ல் பாஸ்டன் மாநாட்டில், விநோதப் பெயர் வைத்துக்கொண்ட ஒல்லிப் பையன் என்று தன்னையே சொல்லிக்கொண்டார். எதிராளி எடுப்பதற்கு முன் அவரே எடுத்து வைத்துவிட்டார். பெயரை ஒளித்தால் அது ரகசியம் ஆகிறது. 2008-ல் அந்த 'ஹுசைன்' என்ற நடுப்பெயரை ஒரு ரேடியோக்காரர் மெக்கெய்ன் கூட்டத்தில் அழுத்தி அழுத்திச் சொன்னார். மெக்கெய்ன் அதற்கு மன்னிப்புக் கேட்டது அவர் பெருந்தன்மை. ஒபாமாவின் ஆதரவாளர்களில் சில பொடிசுகள் ஃபேஸ்புக்கில் தங்கள் பெயருக்கு நடுவே 'ஹுசைன்' சேர்த்துக்கொண்டார்கள். 2009 ஜனவரியில் பதவிப் பிரமாணத்தில் முழுப் பெயரையும் சொன்னார். நான் அப்போது இங்கே வந்த புதிது. அன்றைக்கு ஆபீஸில் என் பழைய பெயரட்டையை எடுத்து மேஜையில் வைத்தேன். மதியம் வரை இருந்தது. யாரும் கவனிக்கவில்லை, நானே திருப்பி டிராயரில் போட்டுவிட்டேன்.

இரவுப்பணி:

எல்லாருக்கும் நன்றி. பக்கத்து நாற்காலிக்காரருக்கு முழுவதையும் அனுப்பினேன். "1986 கதை என் பக்கம்" என்கிறார். "அலாஸ்கா என் பக்கம்" என்றேன். வழக்கு வாய்தாவில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது டீசல் சாரின் டிரைவர்தான். முற்றத்து வேம்பு அக்கா, 'ஹரி' என்று எழுதியவர்களில் நானும் ஒருவன், மன்னிக்க வேண்டும்.

நான் ஒரு வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருக்கிறது. 2025 ஜூனில் நியூயார்க் மேயர் பிரைமரி விவாதம் நடந்தபோது நான்தான் ஷிப்டில். ஆண்ட்ரூ குவோமோ எதிரே நின்றவரை 'மன்தாமி' என்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். அவர் திருப்பி, "என் பெயர் மம்தானி. எம்-ஏ-எம்-டி-ஏ-என்-ஐ. சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று எழுத்துக்கூட்டினார். குஷியாக எழுதினேன். பின்னணிக்குத் தேடியபோது ஒன்று கிடைத்தது. ஆண்ட்ரூவின் அப்பா மரியோ குவோமோ இளம் வக்கீலாக வேலை தேடியபோது, இந்த இத்தாலியப் பெயர் உதவாது, 'மார்க் கான்ராட்' என்று மாற்றிக்கொள் என்று யோசனை சொன்னார்களாம். அவர் மாற்றவில்லை, பிற்பாடு அதே பெயரில் நியூயார்க் கவர்னராகப் பன்னிரண்டு வருஷம் இருந்தார். அப்பாவுக்கு நேர்ந்ததை மகன் இன்னொருவருக்குச் செய்கிறாரே என்று ஒரு பாரா சேர்த்து, எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 4-ம் தேதித் தேர்தலில் மம்தானி ஜெயித்த செய்தியும் என் ஷிப்டில்தான் வந்தது. பழைய செய்திகளுக்கு இணைப்புக் கொடுக்க நம் தளத்திலேயே தேடினேன். மம்தானி இருந்தது. மம்தாணி இருந்தது. மாம்டனி இருந்தது. மூன்றாவது என் கைவண்ணம், விவாதத்துக்கு முந்தின வாரம் எழுதியது. ஷிப்ட் முடிந்தும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். கடைசியில் சந்தேகம் வந்து குவோமோவையும் தேடினேன். கோமோ, கியூமோ, குவோமோ.